நான் படிக்காமல் விட்ட பதினொரு வரிகள்

அக்கா,

இன்று காலை உங்கள் ஜக் கைக்கு வந்தது. அறைகளில் இனிமேல் பிளாஸ்டிக் பாட்டில்தான் வைக்க வேண்டுமாம். பழைய ஸ்டீல் ஜக்குகளை எல்லாம் சாக்கில் கட்டி, பழைய சாமான் வாங்குகிற ஆக்ரிக்கடையில் போடச் சொல்லிவிட்டார் மேனேஜர். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வாய் நசுங்கிய ஒன்று வந்தது. முகர்ந்து பார்த்தேன். பினாயில் வாசனை. தண்ணீர்ப் பாத்திரத்தில் ஏன் பினாயில் என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரியும். கெஸ்ட்டுக்கு வைக்க முடியாது என்று ஒதுக்கியதை நீங்கள் எடுத்து, அழுக்குத் துணியும் பினாயிலும் வைத்துத் தள்ளுகிற வண்டியில் போட்டுக்கொண்டீர்கள். ஒவ்வொரு அறையிலும் போனை அதற்குள் நிறுத்தி வைப்பீர்கள். உள்ளேயிருந்து என் குரல் பெரிதாக வரும். "இதுதான் என் ஸ்பீக்கர்" என்பீர்கள். "கெணத்துக்குள்ள நின்னுக்கிட்டு நீ கத படிக்கிற மாதிரி இருக்கு, கேட்டோ."

சாக்கின் வாயைக் கட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப்போகிறது.

நான் இந்த லாட்ஜுக்கு வந்தபோது எப்படி இருந்தேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. களியக்காவிளை எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு வீடு, தமிழில் எம்.ஏ., மூன்று மொழி தெரியும் என்பதற்காகக் கிடைத்த ரிசப்ஷன் வேலை. கேரளத்துத் தம்பானூரில் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறவர்களிடம் அடையாள அட்டை வாங்கி நகல் எடுத்து வைப்பதற்கு எம்.ஏ. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்குள் மட்டும் அது புழுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் வாட்ஸாப்பில் அந்தக் குழுவை ஆரம்பித்தேன். தினமும் ஒரு பழைய நாவலிலிருந்து ஆறு நிமிஷம். யாரும் முழுப் புத்தகம் படிக்கமாட்டார்கள், ஆறு நிமிஷமாவது கேட்கட்டும் என்று நினைத்தேன். கூடப் படித்தவர்கள் அறுபது பேரைச் சேர்த்தேன். முதல் வாரம் கைதட்டும் பொம்மைகளாக வந்து விழுந்தன. இரண்டாம் மாதத்தில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அவர்களிலும் எத்தனை பேர் கேட்டார்களோ.

சத்தமில்லாத இடம் வேண்டும் என்று கீழ்த்தளக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு பதிவு செய்துகொண்டிருந்தேன். நீங்கள் கதவைத் தட்டினீர்கள்.

"தம்பி, உள்ள யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?"

"யார்கிட்டயும் இல்லக்கா. கதை படிக்கிறேன்."

"கக்கூஸ்லயா? அந்தக் கதையை எழுதுனவன் கேட்டா அழுதுருவான். விரிப்பு வைக்கிற ரூமுக்குப் போ. துணி சத்தத்தக் குடிச்சுக்கும்."

மறுநாள் காலை ஐந்தரைக்கு விரிப்புகளின் அடுக்குகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது சரி. என் குரல் அன்றைக்குத்தான் மனிதக் குரல் மாதிரி பதிவாகியிருந்தது. பத்தாவது ஆளாக உங்கள் எண்ணைச் சேர்த்தேன்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லாமல் போன பிறகு மலையிறங்கி வந்தவர் நீங்கள். "எனக்குத் தமிழ்னா வாய் மட்டுந்தான் தம்பி. எழுத்து இல்ல. ஸ்கூல்ல மலையாளம், அதும் நாலாங்கிளாஸ்" என்றீர்கள். நான் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன், ஒரு ஏழைப் பெண்ணுக்கு இலக்கியம் கொடுக்கிறேன் என்று. அந்தப் பெருமையை நினைத்தால் இன்று என்னையே அறையத் தோன்றுகிறது. அந்தக் குழுவில் உண்மையான வாசகர் நீங்கள் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் நானும் படித்தவர்கள். அவ்வளவுதான்.

ஒரு அறையை முடிக்க உங்களுக்கு இருபது நிமிஷம். விரிப்பை உருவி, புதிது போட்டு, கழிவறை கழுவி, தரை துடைப்பதற்குள் என் ஆறு நிமிஷம் மூன்று தடவை ஓடிவிடும். ஒரு நாளைக்குப் பதிமூன்று அறை. நான் ஒரு தடவை படித்ததை நீங்கள் மத்தியானத்துக்குள் நாற்பது தடவைக்குப் பக்கமாகக் கேட்டிருப்பீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் எவனும் ஒரு பத்தியை நாற்பது தடவை படித்ததில்லை. அவசரத்தில் நான் ஒரு வரியைத் தாண்டினால்கூட சாப்பாட்டு நேரத்தில் வந்து பிடித்துவிடுவீர்கள்.

"அவ கையில வெளக்கு இருந்துச்சு. கீழ வைக்காமலே தலை வாருறா. எப்படி?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பேன். விளக்கை மாடத்தில் வைத்தாள் என்று ஒரு வரி இருக்கும்.

அந்த நாவல் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீடு, நிலபுலன், மாமியார், இரண்டு மருமகள்கள், சொத்துச் சண்டை. நான் அதைப் பயபக்தியோடு படித்தேன். நீங்கள் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி கேட்டீர்கள். "எந்தா தம்பி, அந்தப் பெரிய மருமக இன்னைக்கும் ஜன்னல் பக்கத்துலயே நிக்கிறா. ஒரு வாரமாச்சு. கால் கடுக்காதா?" என்றீர்கள். ஒரு கல்யாண விருந்தைப் படித்த அன்று தட்டை எடுத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் வந்தீர்கள்.

"அறுபது எலை போட்டாங்கன்னு படிச்ச. சரி. எடுத்தது யாரு?"

"அது கதைக்குத் தேவையில்லக்கா."

"கதைக்கு வேண்டாம். அந்த வீட்டுக்கு வேணும்ல?"

அன்றையிலிருந்து எனக்கு அந்த நாவலில் எங்கே பார்த்தாலும் எடுக்கப்படாத இலைகளாகத் தெரிய ஆரம்பித்தன.

இப்போது நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன். இதுவரை எழுதியது எல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான்.

இருநூற்று நான்காம் அறையில் தங்கியிருந்தவர் மோதிரத்தைக் காணோம் என்று கீழே இறங்கி வந்தார். தங்க மோதிரம், மேசைமேல் வைத்தாராம். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "ஆ சேச்சியுடெ பேக் ஒன்னு நோக்கிக்கோ" என்றார். அந்தச் சேச்சியின் பையைப் பார்த்துக்கொள். ஏதோ மின்விசிறியை நிறுத்தச் சொல்கிற மாதிரி.

உங்களைக் கீழே கூப்பிட்டேன். பையைக் கவுண்டர்மேல் வைத்து, ஜிப்பைத் திறந்து, என் பக்கம் திருப்பினீர்கள். நான் கையை விட்டேன். சாப்பாட்டு டப்பா. சீப்பு. ஒரு குடை. பிரஷர் மாத்திரை அட்டை. அடியில் ஒரு பாலிதீன் கவர். அதைப் பிரித்தேன். கெஸ்ட்டுகள் ஒரு தடவை குளித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகிற குட்டி சோப்புகள், கரைந்தது பாதி, கரையாதது பாதி. அந்த ஆள் பக்கத்திலேயே நின்று எட்டிப் பார்த்தார். நீங்கள் சிரித்தபடி சொன்னீர்கள்: "அதையும் எழுதிக்கோ தம்பி. சோப்பு, எட்டு."

"சரி சரி, போகட்டும் விடுங்க" என்றார் அவர், மன்னித்துவிட்டவர் மாதிரி.

மூன்றாம் நாள் நாகர்கோவிலிலிருந்து அவரே போன் செய்தார். மோதிரம் ஷேவிங் பெட்டியில் இருந்ததாம். மேனேஜர் "ஓ, சமாதானமாயி" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் புண்ணைக் கிளறுகிற மாதிரி ஆகிவிடும் என்று காரணம் வைத்திருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம் என்பதுதான் உண்மை.

அடுத்த வாரம் நாவலில் அந்த இடம் வந்தது. நான் முன்பே படித்த நாவல்தான். ஆனால் அந்த இடம் நினைவில் இல்லை. முன்பு படித்தபோது எனக்கு அது ஒரு இடமாகவே படவில்லை போலிருக்கிறது. சின்ன மருமகளின் கொலுசு தொலைகிறது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை, வேலைக்காரப் பெண் என்றுதான் எழுதியிருக்கிறது. மாமியார் அவளுடைய துணிமூட்டையை முற்றத்தில் உதறச் சொல்கிறாள். அதில் ஒன்றும் இல்லை. மறுநாள் விடியும்போது அந்தப் பெண் கொல்லைக் கிணற்றில் கிடக்கிறாள். எல்லாம் சேர்த்துப் பதினொரு வரி. பன்னிரண்டாவது வரியில் வளைகாப்புக்கு நாள் குறிக்கிறார்கள்.

விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். முற்றத்தில் மூட்டையை உதறுகிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. எட்டு சோப்பு கண்ணில் வந்தது. மத்தியானத்துக்குள் நாற்பது தடவை இதைக் கேட்பீர்களே என்று நினைத்தேன். பிறகு பதினொரு வரியையும் விட்டுவிட்டு வளைகாப்புக்குப் போனேன். ஆறு நிமிஷத்தைத் தாண்டிவிடும், அதனால்தான் வெட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அன்றைய பாகம் ஐந்து நிமிஷம்தான் வந்தது.

உங்களுக்குத் தெரியாமல் போகுமா? "இன்னைக்கு என்ன, கக்கூஸ் கழுவி முடியறதுக்குள்ள முடிஞ்சு முடிஞ்சு போகுது?" என்று கேட்டீர்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

ஒரு வாரம் கழித்து நாவலில் கொலுசு அரிசிப் பானைக்குள் அகப்பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு வரி. கொல்லைக் கிணற்றை மூடிவிட்டு அடுக்களையை ஒட்டிப் புதிதாக ஒன்று வெட்டினார்கள். அந்த வரியை வெட்ட எனக்குத் தோன்றவில்லை. கவனிக்கவே இல்லை.

நீங்கள் வண்டியைக் கவுண்டர் முன்னால் நிறுத்தினீர்கள்.

"நல்லாத் தண்ணி ஊறுற கெணத்த எதுக்கு மூடுனாங்க?"

"தெரியலக்கா. எழுதினவர் சொல்லல."

"ம். கொலுசு தொலைஞ்சுது. அரிசிப் பானையில கெடச்சுது. நடுவுல யாரச் சந்தேகப்பட்டாங்க?"

"யாரையும் சந்தேகப்படல."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டே சிரித்தீர்கள், லிஃப்டுக்குள் போகிறவரை.

"நல்ல வீடுதான்" என்றீர்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்தேன். மோதிரம் கிடைத்ததையும் கொலுசில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்று. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம், சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம். அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்துவிட்டது.

அந்த மழையில் தம்பானூர் எப்போதும் போல முழங்கால் தண்ணீரில் நின்றது. லாட்ஜின் அடித்தள ஸ்டோருக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்து மெத்தைகள் மிதந்தன. உங்களையும் வேறு இரண்டு பேரையும் வாளியோடு இறக்கினார்கள். இரண்டு நாள் அள்ளினீர்கள். பூட்ஸ் இல்லை, கையுறை இல்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. இன்ஷூரன்ஸுக்குப் படம் வேண்டும் என்று மேனேஜர் சொன்னதால் நான் படிக்கட்டில் நின்று போனில் படம் எடுத்தேன். என் ஷூ நனையவில்லை. அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மெத்தைகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஓரத்தில் நீங்கள், இடுப்புக்குக் கீழே மட்டும்.

காய்ச்சலோடு மூன்று நாள் வேலைக்கு வந்தீர்கள். "மேலு வலி, வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். நான்காம் நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் உங்கள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து லாட்ஜ் எண்ணுக்கு அழைத்தாள். நான்தான் எடுத்தேன்.

எலிப்பனி, ஒரு மரணம் கூட என்று, அதாவது எலிக்காய்ச்சலில் இன்னொரு சாவு என்று, பேப்பரில் உள்பக்கத்தில் போட்டிருந்தார்கள். நகரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்த பெண் என்று இருந்தது. பெயர் இல்லை. எண்ணிப் பார்த்தேன் அக்கா. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாவலாசிரியர் தன் வேலைக்காரப் பெண்ணுக்குப் பதினொரு வரி கொடுத்தார். உங்களுக்கு மூன்று.

அந்த நாவலைப் பற்றி ஊரில் ஒரு ஹாலில் கூட்டம் நடந்தது. போனேன். பேசியவர் ஒரு மணி நேரம் அந்தக் குடும்பத்தின் பெருமையையும் நடையின் அழகையும் சொன்னார். முடிந்ததும் பக்கத்தில் போய், கிணற்றில் விழுந்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் பெண்?" என்றார். நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து ஒரு அம்மா காகித டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவருக்காகக் காலை நகர்த்தினோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. அவர் மறந்தார், நான் வெட்டினேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

மறுநாள் காலை விரிப்பு அறைக்குப் போய் அந்தப் பதினொரு வரியையும் படித்தேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. குழுவில் போட்டேன். "இது முன்னாடியே தாண்டிப்போன பகுதிதானே?" என்று ஒருவன் கேட்டான். பிறகு உங்கள் எண்ணுக்குத் தனியாக அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்து நின்றது. முட்டாள்தனம்தான். ஆனால் அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் மகள். பழவங்காடியில் துணிக்கடையில் நிற்கிறாளே, அவள்.

"சேட்டா, அம்மாவோட போன இப்பத்தான் ரீசார்ஜ் பண்ணேன். ஒரு வாய்ஸ் வந்திருக்கு. இது அந்தக் கொலுசுக் கதையா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா ஞாயித்துக்கிழமை எனக்கு அந்த ஒரு வாரத்துக் கதையச் சொல்லும். ஆனா நீங்க படிச்சிருக்கிறது தப்பா இருக்கே. அந்தப் பொண்ணு சாகல."

போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன்.

"மூட்டைய ஒதறச் சொல்லுவாங்கல்ல? அது தானே ஒதறிக் காட்டிட்டு, மறுபடி கட்டி எடுத்துக்கிட்டு, போடீ உன் வேலையும் நீயும்னு நடந்து போயிரும். அம்மா அத எழுந்து நின்னு நடிச்சே காட்டும்."

"அப்போ அந்தக் கிணறு? எதுக்கு மூடினாங்க?"

"தண்ணி எறைக்க ஆளு இல்லல்ல? அந்த மாமியாக் கெழவிதானே இனி எறைக்கணும். அவளால கொல்ல வரைக்கும் நடக்க முடியுமா? அதான் அடுக்களை பக்கத்துலயே புதுசா வெட்டிக்கிட்டாங்க." அவள் சிரித்தாள். உங்கள் சிரிப்பு. "அம்மா அப்படித்தான் சொல்லுச்சு. சேட்டன்தான் படிச்சாருன்னு சொல்லுச்சு."

அக்கா, நான் வெட்டிய இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வேலைக்காரப் பெண் இருப்பாள், அவளுடைய மூட்டை உதறப்படும் என்பதுவரை ஒரு வரிகூடக் கேட்காமல் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு மட்டும் வேறு வழியில் கொண்டுபோயிருக்கிறீர்கள். அதையும் என் பெயரில் சொல்லியிருக்கிறீர்கள்.

எது உண்மை என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதுதான் உண்மை. அதில் எனக்கு மயக்கம் இல்லை. அப்படி நடந்து போய்விட்டவர்கள் குறைவு. நீங்களும் போகவில்லை. பையை மூடி எடுத்துக்கொண்டு மேலே மீதி அறைகளுக்குத்தான் போனீர்கள். மகளின் படிப்புக்கு வாங்கிய கடன் இருந்தது, வாடகை இருந்தது. ஆனால் அந்தக் கிழவி தானே தண்ணீர் இறைக்கிற காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. அந்த நாவலில் அப்படி ஒரு பக்கம் இல்லையே என்று ஆத்திரமாக வருகிறது.

இப்போதும் படிக்கிறேன். ஆறு பேர் கேட்கிறார்கள், உங்கள் மகளையும் சேர்த்து. வேறு நாவல். ஒரு வரியும் விடுவதில்லை. எட்டு நிமிஷம் போனாலும் போகட்டும். இலை போடுகிற இடம் வந்தால் ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு கெஸ்ட்டின் பவர் பேங்க்கைக் காணோம். உங்கள் இடத்துக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். மேனேஜர் அதே நாற்காலி, அதே வாக்கியம். நான் என் பையைத் தூக்கிக் கவுண்டர்மேல் கொட்டினேன். "முதல்ல இத நோக்குங்க சாரே" என்றேன். "எந்தா, வட்டாயோ?" என்று சிரித்தார், பைத்தியமா என்று. பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. அவள் பையையும் பிறகு பார்த்தார்கள். ஆனால் என் பையிலிருந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சாவி, சார்ஜர், மூன்று சோப்புத் துண்டு.

உங்கள் பையைத் திறந்த அன்றும் என் பையில் சோப்பு இருந்தது, அக்கா. கவுண்டருக்குக் கீழே, என் காலுக்குப் பக்கத்தில். அதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானம் ஆக்ரிக்கடைக்காரர் வந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லாம் போட்டாச்சா என்று மேனேஜர் கேட்டார். போட்டாச்சு என்றேன். வாய் நசுங்கிய ஜக்கை ஒரு கிழிந்த தலையணை உறையில் சுற்றி என் பைக்குள் வைத்திருக்கிறேன்.

சாயந்திரம் வேலை முடிந்து வெளியே போகும்போது யாராவது என் பையைப் பார்க்கட்டும். இந்தத் தடவை நிஜமாகவே உள்ளே ஒன்று இருக்கிறது.